கவிழ்த்த மங்கு

கவிழ்த்தோமா, இல்லையா? இருநூற்றுப் பத்தாவது மரமோ பதினோராவது மரமோ, அதன் பட்டையில் உளியை வைத்த நேரத்தில்தான் செங்காயிக்கு அந்தக் கேள்வி வந்தது. கவிழ்த்தாச்சு போ, என்று அதைத் துரத்திவிட்டு உளியை இழுத்தாள். பட்டை சுருள் சுருளாக வந்தது. பால் கோட்டில் ஊறி, வழிந்து, தகரத்தில் இறங்கி, மங்கில் சொட்டியது. மங்கு என்றால் பால் பிடிக்கிற பீங்கான் கிண்ணம். மரத்துக்கு ஒன்று, கம்பி வளையத்தில் உட்கார்ந்திருக்கும். இந்தப் பதினோராங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருஷமாகப் பால் வெட்டுகிறாள். செங்காயி மரத்தைக் காயப்படுத்திவிட்டாள் என்று இதுவரைக்கும் ஒருத்தன் வாயைத் திறந்ததில்லை. அந்தக் கைக்கு இன்றைக்கு ஒரே ஒரு வேலை கூடுதலாக இருந்தது. அவளுடைய நிரையின், அவள் வெட்டுகிற மர வரிசையின், முதல் மரம், ஓடைக்கரையில் நிற்கிற இடிவிழுந்த மரம், அதன் மங்கை மட்டும் கவிழ்த்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். மங்கு நிமிர்ந்திருந்தால், பாலெடுக்க மணி அடிக்கிற நேரத்துக்கு காட்டுக்கு ஓடிப்போன லூர்தம்மாவும் மற்ற நாலு பெண்களும் துப்பாக்கியோடு ஓடையைத் தாண்டித் தோட்டத்துக்குள் வருவார்கள். ரப்பர் ஷீட்டை உலர்த்துகிற புகைக்கொட்டகைக்குப் பின்னால் படுத்திருந்து, ரோட்டில் வருகிற ஜப்பான்காரனுடைய அரிசி லோரியை மடக்குவார்கள். மங்கு கவிழ்ந்திருந்தால் வந்த வழியே காட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இன்றைக்கு அந்தப் புகைக்கொட்டகைக்குள்ளேயே சிப்பாய்கள் இருபது பேர் குந்தியிருக்கிறார்கள். அதனால் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தாள். கவிழ்த்தாள்தானே?

அடுத்த மரத்துக்கு நடந்தாள். காய்ந்து ஒட்டியிருந்த நேற்றைய கோட்டுப்பாலை நகத்தால் கிளப்பி இழுத்து இடுப்புப் பையில் திணித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது, வரிசையாக நினைத்துப் பார்த்தால் போயிற்று. விடியுமுன் பிரட்டுக்கு நின்றாள். பிரட்டு என்றால் பேர் கூப்பிடுவது. வெள்ளைக்காரன் காலத்தில் பொழுது புலர்கிற சமயம் நிற்பார்கள். ஜப்பான்காரன் வந்து கடிகாரத்தையே தன் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டான், இப்போது கோழிகூட எழுந்திருக்காத இருட்டில் நிற்க வேண்டியிருக்கிறது. பகலவனுக்கே உத்தரவு போடுகிற பயல்கள்! கணக்கெழுதுகிற கிராணி தாமோதரன் தேங்காயெண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பேர் எழுதிக்கொண்டு வந்தார். மலையாளத்துக்காரர், எதிலும் சேராத மனுஷன், பயந்தாங்கொள்ளி. அந்தப் பயந்தாங்கொள்ளிதான் அவள் பக்கத்தில் வந்ததும் பேனாவை உதறுகிற மாதிரி குனிந்து, "செங்காயி, இன்னிக்குப் புகைக்கொட்டகைப் பக்கம் போகண்டா. இருபது ஆளு உள்ளே இருக்கு" என்றார். முகத்தை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "நான் ஏன் சாமி அங்க போறேன்" என்றாள் இவள். அதற்குப் பிறகு பந்தத்தைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினாள். மண்ணெண்ணெய் கண்ணில் பட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கோட்டுப்பாலைத் திரித்து எரிக்கிறார்கள், வெளிச்சம் கொஞ்சம், புகை பாக்கி எல்லாம். இடிவிழுந்த மரத்தடியில் பந்தத்தை மண்ணில் குத்தினாள். புகை கண்ணைக் கரித்தது. கோட்டுப்பாலை இழுத்தாள். வெட்டினாள். அப்புறம்? அப்புறம் மங்கு கையில் இருந்தது. அதன் அடிப்பாகம் ஜில்லென்று இருந்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த ஜில்லிப்பு நேற்றும் இருந்தது, முந்தாநாளும் இருந்தது, பதினெட்டு வருஷமும் இருந்தது. பால் மண்ணில் வீணாகப் போகிறதே என்று வயிறு கரித்ததும் ஞாபகம் இருக்கிறது. அது இன்றைக்குக் கரித்ததா, இல்லை இந்த அடையாளத்தைப் பேசி வைத்த அன்றைக்கே கரித்ததா? இந்த இடத்தில் வந்து நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு தரம் பிரட்டிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தாள். இரண்டு தரமும் பந்தத்தைக் குத்துகிற வரைக்கும் பளிச்சென்று வந்தது, மங்கைக் கையில் எடுத்ததும் புகை மூடிக்கொண்டது.

அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டலாம் என்றுதான் காட்டில் எல்லோரும் சொன்னார்கள். செங்காயிதான் ஒத்துக்கொள்ளவில்லை. துணியைப் பார்த்தால் சிப்பாய்க்குச் சந்தேகம் வரும், மங்கைப் பார்த்தால் அவனுக்கு என்ன தெரியும், மரத்துக்கு மரம் தொங்குகிற கிண்ணம் என்று போவான் என்றாள். நல்ல யோசனை. இப்போதும் நல்ல யோசனைதான், அதில் மாற்றமில்லை. லூர்தம்மா மட்டும் சிரித்தாள். "அடியே, அவன் கண்ணு கெடக்கட்டும், நம்ம கைய நெனச்சியா? மழ இல்லாத நாள்ல மங்கு கவுந்து கெடந்தா எந்தப் பால்வெட்டுக்காரி அத நிமித்தாமப் போவா?" என்று கேட்டாள். உண்மைதான். மழை பெய்தால் மங்கைக் கவிழ்க்க வேண்டும், வெயில் அடித்தால் நிமிர்த்த வேண்டும், அடுத்தவள் நிரையில் கவிழ்ந்து கிடந்தாலும் போகிற போக்கில் நிமிர்த்திவிட்டுப் போவார்கள். அது ஒரு நல்ல மனசு. யாரும் சொல்லித் தர வேண்டாம், கை தானாகச் செய்யும். "என் கை நான் சொன்னபடி கேக்கும்டி" என்றாள் செங்காயி. லூர்தம்மா உடனே தன் இடது காலை நெருப்புப் பக்கமாக நீட்டிக் காட்டினாள். அந்தக் காலில் சுண்டுவிரல் கிடையாது. சுற்றியிருந்த எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், செங்காயியும் சிரித்தாள், வேறென்ன செய்வது.

அந்தச் சுண்டுவிரலைக் கொண்டுபோனது செங்காயியின் முதல் குண்டு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஓட்டம் பிடித்தபோது ரோட்டோரக் கான் வாய்க்காலில் எறிந்துவிட்டுப் போன துப்பாக்கிகளில் ஏழு எண்ணத்தை இவளும் லூர்தம்மாவும் பொறுக்கினார்கள். ரப்பர் ஷீட்டில் சுற்றி மரவள்ளிப் பாத்திக்குள் புதைத்து வைத்து, கிழங்குக்குக் களை பிடுங்குகிற மாதிரி தினம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சுடத் தெரியாது. காட்டிலிருந்து ஆ லான் வந்தாள், சீனத்தி, இவர்கள் தோளுயரம்கூட இருக்கமாட்டாள்; ஈயச் சுரங்கத்தில் மண் சலித்தவள், ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டில் இருக்கிற அறுபது பேருக்குத் தலைவி. இவர்களுக்குச் சீனம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, கடைத்தெரு மலாய்தான். "பெலான், பெலான்" என்பாள், மெதுவா மெதுவா என்று. செங்காயியின் விரல் மெதுவாகப் போகவில்லை. லூர்தம்மா கத்திய கத்தலில் மரத்திலிருந்த குரங்கெல்லாம் ஓடிவிட்டன. கட்டுப் போட்டு முடித்ததும் லூர்தம்மா வலியோடு சொன்னது இவ்வளவுதான்: "ஒன் மொதக் குண்டு என்னையத் தின்னுடுச்சு, அடுத்தது அவனத் தின்னணும்." தின்றது. மதகடியில் மரத்தைக் குறுக்கே தள்ளிவிட்டு இரண்டு லோரியை மறித்த அன்றைக்கு, எப்போது சுட வேண்டும் என்று சொல்கிற பொறுப்பை ஆ லான் இவளிடம்தான் விட்டிருந்தாள். உளி கட்டையைத் தொட்டுவிடாமல் பட்டையோடு நிற்கிற அந்த அளவு இவளுக்குத் தெரியும் என்று அந்தச் சீனத்தி எப்படிக் கண்டாளோ. முன்லோரியின் சக்கரம் மதகில் ஏறுகிறவரை மூச்சைப் பிடித்திருந்து "வெட்டு" என்றாள். ஏழு பெண்கள், ஏழு துப்பாக்கி. அரிசி ஒன்பது மூட்டை, மருந்துப் பெட்டி ஒன்று. ஒருத்திக்கும் கீறல்கூட விழவில்லை. மறுநாள் காலை ஒன்றும் தெரியாதவளாகப் பிரட்டுக்கு வந்து நின்றாள். சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. நாச்சிமுத்துவை, அவள் புருஷனை, சயாமுக்கு ரயில் பாதை போட வாரிக்கொண்டு போனதும் அப்படி ஒரு லோரியில்தான். மூன்று மாசத்தில் திரும்பிவிடுவான் என்றார்கள். இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. லோரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அவன் என்னவோ சொன்னான், இரைச்சலில் கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பான் என்று நினைக்க ஆரம்பித்தால் அந்தி சாய்ந்துவிடும், அதனால் நினைப்பதில்லை. நினைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே வெட்டியதில் இரண்டு மரம் போயிருந்தது. பார், இதுதான். இந்த இரண்டு மரத்தையும் வெட்டியது யார்? கைதான். கோட்டுப்பால் பையில் இருக்கிறது, பால் சொட்டுகிறது, மங்கு நிமிர்ந்து இருக்கிறது, அவளுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை.

அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது. சிப்பாய்க்குப் பயப்படவில்லை, கங்காணிக்குப் பயப்படவில்லை, தன் கைக்கே பயந்தாள். லூர்தம்மா எதிலும் முந்திக்கொண்டு நிற்பவள். பிரட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் நிற்பாள், மாதா கோயிலுக்குப் போனாலும் பூசை ஆரம்பிக்குமுன் முன்வரிசையில் இருப்பாள். முகாமில் வேலை செய்ய இளம்பெண்களைக் கேட்டு ஜப்பான்காரன் இவர்கள் குடியிருக்கிற லயத்துக்கு வந்த அன்றைக்கும் அவள்தான் முந்தினாள். வந்தவனின் மண்டையில் பால்வாளி சுமக்கிற காண்டாக் கம்பால் ஒரு போடு போட்டுவிட்டு, மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்கு ஓடினாள். மணி அடிக்கிற நேரத்துக்கு வா என்றால் மணிக்கு முன்னாலேயே ஓடைக்கரையில் வந்து நிற்பாள். இப்போதே நிற்பாளோ? பால் சொட்டுகிற வேகம் குறைந்திருந்தது. நேரம் பார்க்கச் செங்காயிக்குக் கடிகாரம் வேண்டாம். இந்த மரத்தில் சொட்டு இப்படி மெலிந்தால் இன்னும் முப்பது மரத்தில் மணி. முப்பது மரம் என்றால் ஒரு வெற்றிலையை மென்று துப்புகிற நேரம். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? நிரையைப் பாதியில் விட்டுவிட்டு முதல் மரத்துக்கு எவளும் போகமாட்டாள். போனால் கங்காணி சடையப்பன் பின்னாலேயே வருவார். காலையிலிருந்தே அவர் குடையை ஊன்றிக்கொண்டு நிரைக்கு நிரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார், மேல்பாதையில் ஒரு சிப்பாய் வேறு துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருக்கிறான். அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போய், இதோ லூர்தம்மா, பிடித்துக்கொள் என்று காட்டுவதற்கா? சரி, கவிழ்த்துத்தான் இருக்கும். ஏழு பேரை ஒரு சொல்லில் சுட வைத்தவளுக்கு ஒரு கிண்ணத்தைக் கவிழ்க்க மறந்துபோகுமா? மறக்காது. மறந்திருக்க முடியாது. ஆனால் கவிழ்த்தபிறகு இந்தப் பாழாய்ப்போன கை, பந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு புறப்படுகிறபோது, ஐயோ மங்கு கவிழ்ந்து கிடக்கிறதே என்று, அன்பாக, அக்கறையாக, நிமிர்த்தி வைத்திருந்தால்?

கவிழ்த்திருந்தால் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. நிமிர்ந்திருந்தால் ஐந்து பெண்கள் சாவார்கள். தெரியாது என்றால்? தெரியாது என்றால், தெரியாதென்பதை ஒத்துக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை. ஒத்துக்கொண்டதும், ஆச்சரியம், யோசனை ஓட ஆரம்பித்தது. தான் ஒன்றும் சாமி இல்லை. தப்புப் பண்ணியிருக்கலாம். பண்ணியிருந்தால் சரிப்படுத்திவிட்டுப் போகிறது. இங்கிருந்தே லூர்தம்மா காதுக்கு ஒன்று போய்ச் சேர வேண்டும், மற்றவர்களுக்கு அது தினப்படி சத்தமாக இருக்க வேண்டும். பாட்டுப் பாடலாமா? இந்த இரண்டு வருஷமாக மலையில் யாரும் பாடுவதில்லை. அலறலாமா, பாம்பு என்று? எல்லோரும் இவளிடம்தான் ஓடி வருவார்கள், சத்தம் ஓடைவரைக்கும் எட்டாது. எட்ட வேண்டுமென்றால் மலையே கத்த வேண்டும். மலையே கத்துவது எதற்கு? தலையைத் தூக்கிப் பார்த்தாள். கிளைகளுக்கு நடுவே வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் கிடையாது. செங்காயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழை என்று ஒருத்தி கூவினால் பக்கத்து நிரைக்காரி திருப்பிக் கூவுவாள், அவள் கூவியதும் அதற்கடுத்தவள், வானத்தை யார் பார்ப்பார்கள்? பாலில் மழைத்தண்ணி விழுந்தால் அத்தனையும் பாழ். அதனால் கேட்டதும் வாய் கூவும், கால் ஓடும், வாளி கைக்கு வந்துவிடும். கை எப்படித் தானாக மங்கை நிமிர்த்துமோ அப்படித்தான். லூர்தம்மாவோடு இப்படிப் பேசி வைக்கவில்லை. பேசி வைக்க வேண்டியதில்லை. பதினைந்து வருஷம் இதே மலையில் பால் வெட்டியவள். காய்கிற வெயிலில் மழைக்கூவல் கேட்டால் செங்காயிக்குப் பைத்தியமா என்று நினைக்கமாட்டாள், போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடு என்றுதான் அவளுக்குக் கேட்கும். கேட்க வேண்டும். விசாரிப்பார்கள், அடிப்பார்கள், எல்லாருடைய பாலும் பாதியில் நின்று இன்றைக்கு எல்லாருடைய அரிசியும் குறையும், லயத்துப் பெண்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். ஏசட்டும். உளியைப் பையில் செருகினாள். அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள்.

"மழேய்...! பாலெடு...! மழேய்...!"

ஒரு கணம் மலை சும்மா இருந்தது. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு ஆயுசே கரைந்தது. அப்புறம் பக்கத்து நிரையிலிருந்து பாக்கியத்தின் கீச்சுக்குரல், "மழேய்!" என்றது. அவளுக்கு அப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால், கீழே, பள்ளத்தில், மேட்டில், ஓடைப்பக்கம். நாற்பது குரல், ஐம்பது குரல். வாளிகள் இடிபட்டன, கால்கள் சருகை மிதித்துக்கொண்டு ஓடின. மேல்பாதைச் சிப்பாய் துள்ளி எழுந்து எந்தப் பக்கம் துப்பாக்கியை நீட்டுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தான். அதைப் பார்க்க அவளுக்கு ரொம்ப நன்றாக இருந்தது. மழைக்குப் பாலெடுப்பதென்றால் முதலில் வெட்டிய மரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், அதில்தான் பால் நிறைந்திருக்கும். அதனால் இப்போது அவள் முதல் மரத்தைப் பார்த்து ஓடலாம், ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். ஓடினாள். முள் கிழித்தது, சேலைத் தலைப்பு எதிலோ மாட்டிக் கிழிந்தது. போகிற வழியெல்லாம், "எங்கடி மழ?" "யாருடி மொதல்ல கூப்புட்டது?" "வெயிலுல்லடி அடிக்குது!" என்று குரல்கள் தடுமாற ஆரம்பித்தன. புகைக்கொட்டகைப் பக்கம் ஜப்பான் பாஷையில் அதட்டல் கேட்டது. வெடிச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓடினாள். வரவில்லை. இன்னும் வரவில்லை. ஓடை தெரிந்தது. இடிவிழுந்த மரம் தெரிந்தது.

மங்கு நிமிர்ந்திருந்தது. ஒழுங்காக, வளையத்தில் அசையாமல், தகரத்துக்கு நேர் கீழே. செங்காயி மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அட என் கையே. அப்புறம்தான் கிட்டத்தில் பார்த்தாள். மங்கில் பால் நிறையவில்லை, அரைக்கால்கூட இல்லை. பால் முழுக்க மரத்தடியில், சருகின் மேல், வெள்ளையாகக் கொட்டி ஓரம் கட்டிப்போய்க் கிடந்தது. அவள் கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறாள். நன்றாகக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். "கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?" பின்னாலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு கங்காணி சடையப்பன் வந்தார். "மழையும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, எவ அவ மொதல்ல கூவுனது? மங்கக் கவுத்துப் போட்டுட்டு வெட்டிவிட்டுப் போயிருக்க, பாலெல்லாம் மண்ணுக்குப் போகுது! இப்பத்தான், இந்தா இப்ப, நான் வந்து நிமித்தி வச்சேன். பதினெட்டு வருசம் வெட்டுறவ செய்யுற வேலையா இது?" அவரும் இருபது வருஷம் பால் வெட்டியவர்தான். கங்காணியான பிறகும் கை சும்மா இருக்குமா? அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே ஐந்து பேரைக் கொல்லப் பார்த்திருக்கிறார், அதுவும் ஒரு நல்ல மனசில்.

செங்காயி தலையைக் குனிந்துகொண்டாள், குனிந்த இடத்தில் பார்த்தாள். ஓடையிலிருந்து ஏறி வருகிற ஈர மண்ணில் வெறுங்கால் தடங்கள். ஒன்று, மரத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் ஒரு முழம் வந்திருந்தது, இடது கால், நாலே விரல். அதற்குப் பக்கத்திலேயே அதே கால், திரும்பி, ஆழமாக ஊன்றி, ஓடையைப் பார்த்துப் போயிருந்தது. தடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. முந்திக்கொண்டு வந்திருக்கிறாள், கங்காணி அந்தப்புறம் நகர்ந்ததும் ஏறியிருக்கிறாள், மங்கைப் பார்த்திருக்கிறாள், உள்ளே காலை வைத்திருக்கிறாள், கூவலைக் கேட்டதும் திரும்பியிருக்கிறாள். என் லூர்தம்மா! கண்ணில் குபுக்கென்று தண்ணீர் வந்துவிட்டது. மேல்பாதைச் சிப்பாய் சரிவில் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. செங்காயி அழுகிற முகத்தோடேயே ஓரடி நகர்ந்து, தன் அகன்ற பாதத்தை அந்த நாலுவிரல் தடத்தின்மேல் வைத்து அழுத்தினாள். மற்றக் காலை மற்றதன்மேல் வைத்தாள். மண் குளிர்ச்சியாக இருந்தது. "அழுவுறதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றார் கங்காணி, குரல் கொஞ்சம் இறங்கி. "நாளைக்காவது மங்க ஒழுங்கா வச்சு வெட்டு."

"சரி கங்காணி" என்றாள் செங்காயி. "நாளைக்கு நிமித்தித்தான் வெப்பேன்."